எலிகளின் படுக்கை

எனக்கு டாக்டர் பட்டம் கிடைக்கப்போகிறது என்று அம்மா வாய்விட்டுச் சொன்ன நாளிலிருந்து எங்கள் அடுக்குமாடியில் ஒருவருக்கும் உடம்பு நன்றாக இருந்ததில்லை. லிஃப்டில் நாக்கை நீட்டுகிறார்கள், மாடிப்படியில் முழங்காலைக் காட்டுகிறார்கள். நான் படிப்பது நச்சியல், எந்த மருந்து எவ்வளவு போனால் உடம்பைக் கெடுக்கும் என்று எலிகளிடம் பார்க்கிற படிப்பு என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

"எலிக்குப் பாக்கத் தெரியும், மனுஷனுக்குத் தெரியாதாக்கும்," என்பாள் அம்மா. அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் யாருமில்லை.

ஆராய்ச்சி ஏறக்குறைய முடிந்திருந்தது. மூட்டுவலிக்கான புது மருந்து ஒன்றை எலிகளுக்கு மாதக்கணக்கில் கொடுத்து, கல்லீரலுக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று காட்டியிருந்தேன். மருந்தைச் செய்த கம்பெனியே தன் பாதுகாப்புச் சோதனைப் பிரிவில் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வேலையில் சேர வேண்டியதுதான். மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாமா என்று என் முடிவை வைத்துத்தான் அவர்கள் தீர்மானிக்க இருந்தார்கள். பேராசிரியரின் கையெழுத்து மட்டும் பாக்கி. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அடுத்த வாரம்'. எதைக் கேட்டாலும் அதுதான் பதில்.

அப்பா அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். பல வருஷமாக மூச்சிரைப்பு, அதற்கு ஒரு மாத்திரை. அந்த மாத்திரையையும் போட்டுக்கொண்டு சிகரெட்டையும் ஊதுகிறவரை என்ன சொல்ல? நான் திட்டாத திட்டில்லை. ஆய்வேடு தயார் என்று சொன்ன அன்று சிகரெட் பெட்டியைக் குப்பையில் போட்டார்.

"உன் பேருக்கு முன்னால டாக்டர்னு போடுறப்போ, அதைப் படிச்சுக் காட்ட எனக்கு மூச்சு இருக்கணும்ல," என்றார். நான் குளியலறைக்குள் போய் அழுதேன்.

கொஞ்ச நாளில் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. டீயில் பாதி தட்டில்தான் சிந்தியது. குமட்டல், நெஞ்சுப் படபடப்பு. "சிகரெட்டுக்கு ஏங்குறாரு, வேறென்ன," என்றாள் அம்மா. எனக்கு என்னவோ இடித்தது. மாத்திரை அட்டையை எடுத்துப் பெயரைப் பார்த்தேன். பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

ரத்தத்தில் அந்த மருந்து எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். "நல்ல வேளை கூட்டிட்டு வந்தீங்க. சிகரெட்டை விட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நிறைய பேருக்குத் தோணாது," என்றார். போதாதா அப்பாவுக்கு? மருந்து வாங்க வரிசையில் நின்றவர்களிடமெல்லாம், "என் பொண்ணுதான் கண்டுபிடிச்சா," என்று தம்பட்டம் அடித்தார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டார். "அதே மாத்திரைதானேம்மா. முன்னாடி ஒண்ணும் பண்ணலையே?"

"புகை கல்லீரலை முடுக்கி விட்டுடும்ப்பா. அது மருந்தை வேகவேகமா உடைச்சு வெளிய தள்ளிடும். புகை நின்னதும் கல்லீரல் நிதானத்துக்கு வந்துடுச்சு. மருந்து தங்க ஆரம்பிச்சுடுச்சு."

"அப்போ இத்தனை வருஷமா நான் முழுங்கின மாத்திரையை என் சிகரெட்டே தின்னுட்டு இருந்திருக்கு. நான் இருந்த காத்து அப்படி." அவர் சிரித்தார்.

நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். அப்படியே மூடிக்கொண்டேன். என் எலிகள் எந்தக் காற்றில் இருந்தன?

கூண்டில் எலிகளுக்குப் படுக்கையாகக் காகிதத் துணுக்குகள் போடுவது வழக்கம். அதற்கு ஆர்டர் போடச் சொன்னபோது பேராசிரியர் அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று இழுத்தடிக்க, மரப்பட்டறையிலிருந்து பைன் மரச் சீவலை வாங்கிச் சுத்தம் செய்து போட்டோம். எலிக்கூடமே புது அலமாரி போல மணத்தது. நான்தான் முதலில் மூக்கை உறிஞ்சி ஆகா என்றேன். அந்தப் பிசின் வாசனையும் கல்லீரலை முடுக்கி விடும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். மயக்க மருந்து கொடுத்தால் எலிகள் சீக்கிரம் எழுந்துகொண்டன, சுறுசுறுப்பான கூட்டம் என்று கேலி வேறு செய்தேன். மருந்து கொடுத்த எலிகளையும் கொடுக்காத எலிகளையும் ஒப்பிடும்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்த்தேன். இரண்டு கூட்டமும் ஒரே சீவலில்தானே படுத்திருந்தன? வித்தியாசம் எப்படித் தெரியும்? என் மருந்து நல்லதா, அல்லது தங்கவே இல்லையா?

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. நான் வேலையில் சேர்ந்துவிடுவேன். அந்த மாத்திரையை விழுங்கப்போகிறவர்கள் மரச் சீவலில் படுக்கப்போவதில்லை.

மறுநாள் காலையில் பேராசிரியர் அறைக்குப் போனேன். என் ஆய்வேடு மேஜைமேல் இருந்தது, பேனா மூடியைக்கூடக் கழற்றிவிட்டார். இன்றைக்குப் பார்த்தா இந்த மனிதருக்குச் சுறுசுறுப்பு வர வேண்டும்?

"சார், கையெழுத்துப் போடாதீங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார், அதற்குள் என் தைரியம் கரைந்துவிடும் என்று பயந்தேன்.

"கம்பெனிக்குச் சொல்லிட்டியா?"

"இல்ல சார்."

"வேலை போயிடும், தெரியும்ல?"

"தெரியும்."

"அப்போ இன்னைக்கே சொல்லிடு. புது எலிகளுக்கு நான் இப்பவே எழுதுறேன். படுக்கை காகிதம்தான். இதுல தப்பு எனக்கும் இருக்கு." அந்த மனிதர் வாயில் 'இப்பவே' என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன்.

அந்த வேலை வேறொருவருக்குப் போனது. நான் முதலிலிருந்து தொடங்கினேன். அதே மருந்து, அதே அளவு, காகிதப் படுக்கை. ஒரு நாள் காலையில் கூண்டைத் திறந்தபோது ஒரு எலி மூலையில் சுருண்டிருந்தது. கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய காது மஞ்சளாக இருந்தது. அடுத்த கூண்டிலும் அப்படியே. நல்ல வேளை, இவை எலிகள், மனிதர்கள் இல்லை என்று நிம்மதியாக இருந்தது. அப்படி நினைத்ததற்காக அந்த எலியிடம் வெட்கமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "பட்டம் இப்போதைக்கு இல்லப்பா. இன்னும் ஒரு வருஷமாவது ஆகும்."

அம்மா எதையோ சொல்ல வந்தாள். அப்பா அவளைக் கையமர்த்தினார்.

"சரி. அது வரைக்கும் நான் சிகரெட்டைத் தொடக் கூடாது, அவ்வளவுதானே?"

எழுந்து போய் எனக்கு டீ ஊற்றி, டம்ளரை விளிம்பு வரை நிரப்பி எடுத்து வந்தார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.