வராத பாலத்தின் நிழல்

ஒத்தப்பனை சிக்னலில், கட்டப்படாத மேம்பாலத்தின் நிழல் முதன்முதலாக விழுந்தது ஒரு சித்திரை மாதச் செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்கு. அன்று தக்காளி கிலோ இருபத்தெட்டு ரூபாய், காற்று இல்லை. சாரத்திலிருந்து உழவர்கரைக்குப் போகும் சாலையைச் சேதராப்பட்டுச் சாலை வெட்டிக்கொண்டு போகும் அந்த இடத்தில் நிழல் நூற்று எண்பது அடி நீளத்துக்கும் முப்பது அடி அகலத்துக்கும் படுத்திருந்தது. ஏழு தூண்கள், கைப்பிடிச் சுவர், விளக்குக் கம்பங்கள் எல்லாவற்றின் நிழலும் தெளிவாகத் தெரிந்தது. மேலே பார்த்தவர்களுக்கு வானமும் ஒரு பருந்தும் மட்டும் தெரிந்தன. பருந்தின் நிழல் பாலத்தின் நிழலுக்குள் போய் மறைந்து மறுபக்கம் வெளியே வந்தது. பணியில் இருந்த போக்குவரத்துக் காவலர் ராஜாங்கம் தன் சிவப்புத் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு குறிப்பேட்டில் எழுதினார்: ‘பாலம் வரவில்லை. நிழல் வந்துவிட்டது. போக்குவரத்துக்கு இடையூறு இல்லை.’

அந்தப் பாலத்துக்குப் பத்தொன்பது ஆண்டுகளில் மூன்று முறை அடிக்கல் நாட்டியிருந்தார்கள். முதல் கல் டீக்கடையில் உட்காரும் பலகையானது. இரண்டாவதன் மேல் சாலை போட்டுவிட்டார்கள். மூன்றாவது மட்டும் மாலை காய்ந்த நிலையில் இருந்தது. ஆகவே நிழலைப் பார்த்து ஊர் அதிகம் ஆச்சரியப்படவில்லை. இத்தனை நாள் பேசியதற்கு இதாவது வந்ததே என்றார்கள். ஒரு வாரத்துக்குள் எல்லாரும் பழகிக்கொண்டார்கள். சிவப்பு விளக்கு விழுந்தால் இருசக்கர வண்டிக்காரர்கள் வெள்ளைக் கோட்டுக்கு இருபது அடி முன்னதாகவே நிழலில் நின்றார்கள்; அதன்பின் அந்த சிக்னலில் ஒருவரும் கோட்டைத் தாண்டி நின்றதில்லை. கோடைக்காக அங்கே கட்டியிருந்த பச்சை வலைப் பந்தலை அவிழ்த்து வேறு சிக்னலுக்குக் கொண்டுபோனார்கள். காலையில் மேற்குப் பக்கம் விழுந்த நிழல் மாலையில் கிழக்குப் பக்கம் போக, இளநீர் வண்டியும் அதன் பின்னால் போய்வந்தது. அந்தோணியார் சப்பரமும் திரௌபதி அம்மன் பல்லக்கும் அவரவர் திருநாளில் அங்கே நின்று இளைப்பாறின. சப்பரத்தைத் தூக்கியவர்கள் உச்சி இடித்துவிடுமோ என்று கொஞ்சம் குனிந்தே உள்ளே நுழைந்தார்கள்.

அந்த நிழல் யாருக்கு மிகவும் தேவையோ அவர் பெயர் லூர்துசெல்வி. சிக்னலின் ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தார். கணவர் விட்டுப்போன கடை: ஒரு தகரப் பெட்டி, ஒரு காற்று மெஷின், டியூபை முக்கிப் பார்க்கத் தண்ணீர்த் தொட்டி, கம்பத்தில் மாட்டிய பழைய டயர் ஒன்று. மகள் பிரிஸ்கில்லா காரைக்காலில் நர்சிங் படிப்பது அந்தக் கடையை நம்பித்தான். முந்தைய கோடையில் லூர்துசெல்வி இரண்டு முறை மயங்கி விழுந்திருந்தார். இனி வெயிலில் உட்கார்ந்து வேலை செய்தால் மூன்றாவது முறை எழுந்திருக்க மாட்டீர்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கடையை மூடுவதா, வெயிலில் சாவதா என்று அவர் மாதாவிடம் ஒன்பது நாள் கேட்டார். பத்தாம் நாள் நிழல் விழுந்தது. நண்பகலில் அது சரியாகக் கடைக்கு மேலே நின்றது. தான் கேட்ட கேள்விக்கு மாதா பதில் சொல்லாமல் வேறு ஏதோ செய்துவிட்டதாக லூர்துசெல்வி நினைத்தார்; ஆனாலும் மனக்குறை இல்லை.

நிழலுக்கும் ஒரு கோப்புக்கும் தொடர்பு இருப்பதை இரண்டாம் ஆண்டில் கண்டுபிடித்தவர் உதவிப் பொறியாளர் சக்கரபாணி. திட்டமிடல் அலுவலகத்தில் வேலை செய்தார். காலையில் வரதராஜப் பெருமாளைப் பார்க்காமல் அலுவலகம் போவதில்லை. பாலத்தின் வரைபடத்தை வேலைக்குச் சேர்ந்த புதிதில் தன் கையாலேயே வரைந்தவர் அவர்தான். வைகாசி மாதத்தில் ஒன்பது நாள் நிழல் திடீரென்று காணாமல் போனது. அதே ஒன்பது நாள் பாலத்தின் கோப்பும் காணவில்லை. அலுவலகத்துத் தண்ணீர்ப் பானை ஆடாமலிருக்க யாரோ அதை முக்காலியின் அடியில் முட்டுக் கொடுத்திருந்தார்கள். சக்கரபாணி கோப்பை உருவி, துடைத்து, தேதி போட்ட அதே நிமிடத்தில், மூன்று பத்துக்கு, நிழல் திரும்பி வந்ததாக ராஜாங்கத்தின் குறிப்பேடு சொல்கிறது. அந்த ஒன்பது நாளில் லூர்துசெல்வி ஆறு நாள் கடை திறக்கவில்லை; திறந்த மூன்று நாளில் ஒரு நாள் தொட்டியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். பிறகு சக்கரபாணி மற்றொன்றையும் கவனித்தார். கோப்பு ஒப்புதலுக்காக மேலே போன வாரத்தில் நிழல் மை போலக் கறுத்தது. ஏழாவது தூணின் நிழல் லூர்துசெல்வியின் தகரப் பெட்டியில் ஓர் அங்குலம் அழுந்திப் பள்ளம் உண்டாக்கியது. வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். ஏழாவது தூணுக்கு அவர் குறித்திருந்த இடம் அந்தக் கடைதான்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் நகரத்துக்கு இருபதாண்டுப் போக்குவரத்துத் திட்டம் எழுத முடிவானது. எதை முதலில் செய்வது என்று மக்களே சொல்லட்டும் என்று, ஆடி மாதத்தில் சாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் மேம்பாலம், பேருந்து, நடைபாதையும் சைக்கிளும் என்று மூன்று கட்டங்கள். ஒன்றில் டிக் போடவேண்டும். அதிக டிக் பெறுவதில் வேலை தொடங்கும். மற்றவை வரிசையில் காத்திருக்கும். ஒன்றுமே பெறாதது திட்டத்திலிருந்து அடிக்கப்படும். அடிக்கப்பட்டதன் கோப்பை மூடிவிடுவார்கள்.

பாலத்துக்காக முதலில் எழுந்தவர் வெற்றிவேல். டாட்டா ஏஸ் ஓட்டுநர்கள் சங்கத்தின் தலைவர். சரக்கை ஏற்றிக்கொண்டு ஊரைக் கடக்க நாற்பது நிமிடம் ஆகிறது, டீசல் சிக்னலிலேயே தீர்ந்துபோகிறது என்றார். அவர் பேசப் பேச மண்டபத்தின் கைதட்டல் ஏறியது. ராஜாங்கம் சிக்னலிலிருந்து போன் செய்து, நிழல் கறுத்துக்கொண்டு வருகிறது, கடைத் தகரம் முனகுகிறது என்று சொன்னார். அடுத்து அமுதவல்லி எழுந்தார். சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் பத்தாண்டுகளாக வேலை பார்ப்பவர். காலை ஆறு மணிப் பேருந்து நிறைந்துபோனால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம், அதற்குள் கேட்டை மூடிவிடுகிறார்கள், அதனால்தான் தன்னோடு வேலை செய்யும் பெண்கள் எல்லாம் தவணைக்கு ஸ்கூட்டர் வாங்குகிறார்கள் என்றார்.

“அண்ணே, நாங்க எல்லாம் பஸ்ல போயிட்டா ரோடு உங்களுக்குத்தான காலியா இருக்கும். அப்புறம் உங்களுக்கு எதுக்குப் பாலம்?” என்று அவர் வெற்றிவேலைப் பார்த்துக் கேட்டார். பெண்கள் பக்கம் கைதட்டியது. ராஜாங்கம் மறுபடி போன் செய்தார்; நிழல் பழைய வேட்டி போல வெளுத்துவிட்டதாம்.

மூன்றாவதாகப் பேசியவர், ஊரே ‘மெசியே’ என்று மரியாதையாகக் கூப்பிடும் ஜூலியன். பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வுபெற்ற சொல்தா. எழுபத்தாறு வயதிலும் சைக்கிள்தான். எவ்வளவு பெரிய திட்டம் போட்டாலும் கடைசி நூறு அடியை மனிதன் நடந்துதான் கடக்கவேண்டும், அதற்கு இந்த ஊரில் இடமில்லை என்றார்.

“மெசியே, உங்க சைக்கிள்ல என்னோட இருபது மூட்டை சிமெண்ட ஏத்திக்கினு போறீங்களா?” என்றார் வெற்றிவேல்.

“ஏத்திக்கிறேம்பா. நீ பின்னால தள்ளிக்கினு வா.”

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது. அதற்குள் டீயும் மசால் வடையும் வந்தன. மதியம் பன்னிரண்டரை மணிக்குப் படிவங்களை வாங்கத் தொடங்கியபோது கடைசி வரிசையிலிருந்து லூர்துசெல்வி எழுந்து வந்தார். கையில் கிரீஸ் கறை போகவில்லை. அவருடைய படிவத்தில் எந்தக் கட்டத்திலும் டிக் இல்லை.

“சார், பாலம் வந்தா என் கடை போவும். பாலம் இல்லன்னு அடிச்சிட்டா நெழல் போவும். எனக்குப் பாலமும் வேணாம், நெழலும் போவக்கூடாது. இத எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு தெரியல. அதான் நேரா கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்.”

தலைமை தாங்கிய செயலர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குக் கட்டம் இல்லை என்றார். முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். லூர்துசெல்வியும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரித்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றார்.

அவர் அப்படி நின்றபோது அங்கே இருந்த பலருக்கும் ஒரே மாதிரியான நினைவு வந்ததாகப் பின்னர் சொன்னார்கள். அமுதவல்லியின் ஸ்கூட்டர் ஒரு மழைநாள் விடியலில் பஞ்சரானபோது, “நீ போ, வேலைக்கு நேரமாவுது, நான் ஒட்டி வெக்கிறேன்” என்று தன் வண்டிச் சாவியைக் கொடுத்து அனுப்பியவர் லூர்துசெல்வி. மெசியே ஜூலியனின் சைக்கிளுக்குப் பதினோரு ஆண்டுகளாகக் காற்று அடிப்பவரும் அவரே. யாருடைய சைக்கிளானாலும் காற்றுக்கு அவர் ஒன்றும் வாங்குவதில்லை. அது கடவுள் கொடுத்தது, நான் உள்ளே தள்ளி மட்டும் விடுகிறேன் என்பார். வெற்றிவேலுக்கோ வேறு நினைவு. ஒரு நாள் கோபத்தில் அவர் ஜாக்கியைக் காலால் உதைத்து விரலை உடைத்துக்கொண்டபோது, லூர்துசெல்வி தன் மதியச் சோற்றை வைத்துவிட்டு அந்த விரலுக்குப் பழைய டியூபைக் கிழித்துக் கட்டுப்போட்டார். பெரிய திட்டங்களுக்கு இடையில் இப்படிப்பட்ட சின்ன விஷயங்கள் எழுதப்படாமலே போகின்றன. ஆனால் எழுதாததாலேயே அவை நடக்காதவை ஆகிவிடுவதில்லை.

வெற்றிவேல் மெதுவாக எழுந்தார். சங்கத்துக்காரர்கள் அறுபது பேர் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

“சார், பஸ்ஸ மொதல்ல போடுங்க. நடைபாதைய ரெண்டாவதா வெச்சிக்கோங்க. பாலம் கடைசில நிக்கட்டும். ஆனா அடிச்சிடாதீங்க. இருக்குதுன்னே எழுதி வையுங்க.”

“இன்னா தலைவரே, இப்படிக் கவுத்துட்ட,” என்றார் பின்னாலிருந்த ஓட்டுநர் ஒருவர்.

“வெரலு வலிக்குதுடா,” என்றார் வெற்றிவேல்.

சங்கத்துக்காரர்களில் நாற்பத்தொரு பேர் பேருந்துக் கட்டத்தில் டிக் போட்டார்கள். மீதிப் பத்தொன்பது பேர், பாலத்துக்கு ஒன்றுமே விழாமல் போனால் அது அடிபட்டுப்போகுமே என்று பாலத்துக்கே போட்டார்கள். இந்தக் கணக்கை யாரும் முன்கூட்டிப் பேசிவைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு சிக்கல் எஞ்சியிருந்தது. வரிசையில் காத்திருக்கும் திட்டத்தின் மேல் ஓராண்டுக்குள் ஒரு நடவடிக்கையாவது இல்லையென்றால் கோப்பு தானாக மூடப்படும். நடவடிக்கை எடுத்துக்கொண்டே போனால் ஒரு நாள் பாலம் வந்துவிடும். இதைத் தீர்க்கவேண்டியவர் சக்கரபாணி. ஓய்வுபெற இரண்டாண்டு இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவர் பார்க்க ஆசைப்பட்டது அந்தப் பாலம் ஒன்றைத்தான். அதன் மேல் ஸ்கூட்டரில் போவதாகக் கனவும் கண்டிருக்கிறார். மறுநாள் காலை கோயிலில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். அலுவலகம் போய்க் கோப்பைத் திறந்து, ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதி, அதன் கீழே ஒரு கேள்வியைச் சேர்த்தார்: ‘மண் பரிசோதனை மழைக்காலத்தில் செய்யப்பட்டதா, கோடையிலா?’ கேள்வி ஊரெல்லாம் சுற்றிப் பதிலோடு திரும்பப் பதினோரு மாதம் ஆனது. கேள்வியை எழுதிய அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் சிக்னலில் வண்டியை நிறுத்தினார். நிழல் கறுக்கவும் இல்லை, வெளுக்கவும் இல்லை. வேப்ப மர நிழலைப் போல மிதமாக இருந்தது. தான் வரைந்த கைப்பிடிச் சுவரின் வளைவு தரையில் எவ்வளவு அழகாக விழுகிறது என்பதை அவர் முதன்முறையாக நின்று பார்த்தார். லூர்துசெல்வி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

“ஒக்காருங்க சார். ஒங்க பாலந்தான.”

பேருந்துகள் அடுத்த தையில் வந்தன, பதினெட்டு. சேதராப்பட்டுக்குக் காலையில் பத்து நிமிடத்துக்கு ஒன்று ஓடியது. அமுதவல்லியின் தோழிகள் ஒவ்வொருவராக ஸ்கூட்டரை விற்றார்கள். வெற்றிவேல் இப்போது ஊரைப் பதினேழு நிமிடத்தில் கடக்கிறார்; மீதி நேரத்தில் பாலம் வந்திருந்தால் பன்னிரண்டு நிமிடம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நடைபாதையின் முதல் நானூறு அடி முடிந்த அன்று மெசியே ஜூலியன் சைக்கிளை உருட்டிக்கொண்டு அதில் நடந்துபார்த்து, “பிரவோ” என்றார். புதிய பேருந்து நிறுத்தத்துக்கு நிழற்குடை கட்டவில்லை, தேவைப்படவில்லை. கல்யாணப் பத்திரிகைகளில் ‘வராத பாலம் அருகில்’ என்று அச்சிடத் தொடங்கினார்கள். பிரிஸ்கில்லா படிப்பை முடித்து உழவர்கரையில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தாள். கடையை விட்டுவிடும்படி அம்மாவிடம் சொன்னாள். நிழலைத் தனியாக விட்டுவிட்டு எப்படி வருவது என்று லூர்துசெல்வி கேட்டார்.

சக்கரபாணி ஓய்வுபெற்ற பிறகு கோப்பு ஜெயம் என்ற இளம் பொறியாளரிடம் வந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு கேள்வியோடு உயிர்வாழும் அந்தக் கோப்பைப் பார்த்து அவருக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. மூடிவிடலாம் என்று பேனாவை எடுத்த அன்றே, வேறு வேலையாகப் போகும் வழியில் அவருடைய ஸ்கூட்டர் ஒத்தப்பனை சிக்னலில் பஞ்சரானது. டியூப் ஒட்டி முடியும்வரை இருபது நிமிடம் நிழலில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. லூர்துசெல்வி ஒரு டம்ளர் மோர் கொடுத்ததோடு சரி. அலுவலகம் திரும்பி அவர் எழுதிய கேள்வி இது: ‘பாலத்தின் கைப்பிடிச் சுவரில் புறாக்கள் உட்கார இடம் விடப்பட்டுள்ளதா?’ கேள்வி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை எழுதிய நான்காம் நாள், தரையில் விழுந்த கைப்பிடிச் சுவரின் மேல் பதினாறு புறாக்களின் நிழல்கள் வந்து வரிசையாக உட்கார்ந்தன. லூர்துசெல்வி நிமிர்ந்து வெறும் வானத்தைப் பார்த்தார். எச்சம் விழுமோ என்று தண்ணீர்த் தொட்டியை ஓரடி தள்ளி வைத்துவிட்டு, அடுத்த டியூபை எடுத்தார்.