சிவப்புப் பென்சிலில் ஒரு வாக்கு

மருந்துக் கடைக்காரருக்கு ஒரு பழக்கம். டாக்டரின் கையெழுத்து புரியாவிட்டால் குத்துமதிப்பாக மருந்து எடுத்துக் கொடுக்க மாட்டார். சீட்டின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ‘எழுதியவரைக் கேட்கவும்’ என்று குறித்துவிட்டுப் போனை எடுப்பார். வாங்க வந்தவர் தலைகீழாக நின்றாலும் அசைய மாட்டார். இருபத்தாறு வருடத்தில் ஒரு மாத்திரை மாறியதில்லை. அதில் மனுஷனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அப்படிப்பட்டவரை அவர் போகும் சர்ச்சின் சபைக் கமிட்டி மூன்று வாரமாகப் படாத பாடு படுத்தியது. சபையின் பாடகர் குழுவைப் பன்னிரண்டு வருடமாக நடத்துகிறவன் ஒரு லாரி மெக்கானிக்கோடு குடும்பமாக வாழ்கிறான். இரண்டு பேரும் ஆண்கள். அவன் பொறுப்பில் தொடரலாமா, கூடாதா? கமிட்டியில் அவரையும் சேர்த்து ஒன்பது பேர் வாக்குப் போட்டு முடிவு செய்ய வேண்டும். அவன் மருந்துக் கடைக்காரரின் கூடப்பிறந்த தம்பி.

“நான் ஒதுங்கிக்கறேனே” என்று கெஞ்சிப் பார்த்தார். போதகர் விடவில்லை. “ஒன்பது பேர் இருந்தாத்தாங்க முடிவு வரும்.”

கமிட்டியில் இருந்த பல் டாக்டர் ஒரு கத்தைக் காகிதத்தோடு கடைக்கு வந்தார். “வேதத்துல எழுதினது எழுதினதுதான். நமக்குப் பிடிக்கலேன்னு மாத்த முடியுமா? நீங்க டோஸை மாத்துவீங்களா?”

கடைக்காரர் தலையாட்டினார். நியாயம்தானே.

மறுநாள் பிரஷர் மாத்திரைக்கு வந்த தலைமை ஆசிரியையும் கமிட்டிதான். “வேதத்துல அந்தப் பட்டணத்தைக் கடவுள் எதுக்கு எரிச்சாரு? வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பலவந்தம் பண்ணப் போனதுக்கு. அதையும், ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு வாழறதையும் ஒண்ணாப் பேசலாமா? யாருக்கு, எதுக்கு எழுதின சீட்டுன்னு பாக்காம மருந்து குடுப்பீங்களா?”

அதற்கும் தலையாட்டினார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது!

கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வேத விளக்கவுரைகளைப் புரட்டினார். வேதத்தில் இதைப் பற்றி அப்போஸ்தலன் எழுதிய ஒரே ஒரு சொல்லுக்கு ஒருவர் ஒன்று சொன்னார், இன்னொருவர் நேர் எதிராகச் சொன்னார். இரண்டு பேருமே பெரிய படிப்பாளிகள். படிக்கப் படிக்கத் தலை கிறுகிறுத்தது. செத்து இரண்டாயிரம் வருடமான அப்போஸ்தலனுக்கா போன் போட முடியும்? தம்பிமேல் உயிர். கடவுளிடம் பயம். இரண்டும் நிஜம், இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

இதற்கிடையில் தம்பி இரண்டு முறை கடைக்கு வந்தான். மெக்கானிக்கின் கைவெடிப்புக்குக் களிம்பு வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். “மழை வரும்போல இருக்கு” என்றார் அண்ணன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாக்கு. சிறுபிள்ளைகள் வகுப்பறையின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் முகவாயை இடிக்க ஒன்பது பேரும் உட்கார்ந்தார்கள். மருந்துக் கடைக்காரர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘தொடரலாம்’ என்று எழுதக் கை போனது, பின்வாங்கியது. ‘கூடாது’ என்பதற்கும் வரவில்லை. பிறகு கை தானாகவே பழகியதை எழுதிவிட்டது.

போதகர் எண்ணினார். நாலு, நாலு. கடைசிச் சீட்டைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோய், “‘எழுதியவரைக் கேட்கவும்’” என்று படித்தார்.

சிவப்புப் பென்சில். யாருடையது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. யாரும் சிரிக்கவில்லை.

“செல்லாது” என்றார் பல் டாக்டர்.

“அடுத்த மாசம் மறுபடி பாப்போம்” என்றார் போதகர். “அதுவரைக்கும் அந்தத் தம்பி பாட்டு நடத்த வேணாம்.”

மருந்துக் கடைக்காரர் குட்டி நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் வேண்டாம் என்று எழுதவே இல்லையே!

வாசலில் தம்பி காத்திருந்தான். விஷயம் அதற்குள் அவன் காதுக்குப் போயிருந்தது. 

“டாக்டரைக் கேட்ட, டீச்சரைக் கேட்ட, புஸ்தகத்தைக் கேட்ட” என்றான். குரலில் கோபம்கூட இல்லை. “என்னை ஒரு வார்த்தை கேட்டியாண்ணா?”

உண்மையாகவே கேட்கவில்லை. மூன்று வாரத்தில் அது தோன்றக்கூட இல்லை.

தம்பி, பாட்டுக்கு வாசிக்கும் ஆர்கன் பெட்டியின் சாவியை அவர் கையில் வைத்து அழுத்தினான். “யார்கிட்ட குடுக்கணும்னு அவங்களையே கேட்டுக்கோ.” மெக்கானிக் வண்டியோடு நின்ற இடத்துக்கு நடந்தான்.

“டேய்!” என்று கூப்பிட்டார். அவன் திரும்பினான். கேட்க வேண்டியது மலையளவு இருந்தது.

“அவர் கைவெடிப்பு... ஆறிடுச்சா?”

“ஆறிக்கிட்டு வருது” என்றான்.

அடுத்து என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சாவியைப் பிடித்தபடி அவர்களை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.