தலைவர் வீட்டுப் பகை

புதிய நடத்தை விதிகள் வந்த அன்று நகராட்சித் தலைவர் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை, தலைவரின் மனைவியைத் தவிர. அவள் ஊரின் பெரிய அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டு செவிலியர். நாளெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்த பசி அவளுக்கு.

விதி ஒன்றும் புரியாத விஷயமல்ல. நகராட்சியில் முடிவெடுக்கிறவர்களின் நெருங்கிய சொந்தக்காரர் யாராவது அதே நகராட்சியிடம் டெண்டர் போட்டால், அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்; அந்த டெண்டர் பேசப்படும்போது எழுந்து வெளியே போய்விட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் தலைவர் வெளியே போய்விட்டால் அவருடைய மைத்துனனுக்காக உள்ளே பேச நாதியில்லை. குடிநீர்க் குழாய் பதிக்கும் கான்ட்ராக்டர் அவன். ஊரே அவனைக் குழாய் என்றுதான் கூப்பிடும். அவன் பதித்த குழாய்களில் தண்ணீரைவிட மண்தான் தாராளமாக வரும் என்பதும் ஊரறிந்ததே.

மாலையில் குழாய் ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு வந்தான். நகராட்சிக்கே சட்ட ஆலோசகர் அவர். டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே வழி சொன்னார்.

"போக்குவரத்தே இல்லாம அறுந்துபோன உறவுக்கு இந்த விதி பொருந்தாதுன்னு ஒரு வரி இருக்கு. நீங்க ரெண்டு குடும்பமும் பகைன்னு ஆயிட்டா ஒருத்தனும் உங்கள அசைக்க முடியாது."

"பகைன்னா எப்படி?" என்றான் குழாய்.

"பேசக் கூடாது, போக வர இருக்கக் கூடாது. தம்பியோட எனக்கு ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு அக்கா ஒரு பத்திரத்துல கையெழுத்துப் போடணும்."

தலைவர் தன் மனைவி பக்கம் திரும்பினார். "சும்மா ஊருக்காகத்தான். டெண்டர் முடியிற வரைக்கும்."

"பேசாம நீங்க எந்திரிச்சு வெளிய போய் உக்காரலாமே. அதுக்கு ஒரு நாற்காலி போதும்" என்றாள் அவள்.

மூன்று ஆண்களும் விவரமில்லாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் கையெழுத்துப் போட்டாள். பயந்து போடவில்லை. இவர்களோடு மல்லுக்கட்டித் தொண்டைத் தண்ணீர் வற்றுவதைவிடப் போட்டுத் தொலைப்பது மேல் என்று தோன்றியது. அது சோம்பல்தான் என்று பிற்பாடு தன்னையே திட்டிக்கொண்டாள்.

பகை அமோகமாக நடந்தது. கடைத்தெருவில் தலைவரின் காரை மறித்துக் குழாய் வாய்க்கு வந்தபடி ஏசினான். தலைவர் பதிலுக்கு ஒரு கூட்டத்தில், "சட்டத்துக்காகச் சொந்தத்தையே தூக்கி எறிஞ்சவன் நான்" என்று குரல் தழுதழுக்கப் பேசினார். ஜனங்கள் கைதட்டினார்கள். தினமும் காலையில் அதே மனிதர் குளியலறைக்குள் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் மைத்துனனோடு போனில் கொஞ்சிக்கொண்டிருந்தார். "மாப்ள, நேத்து நீ திட்டினது பிரமாதம்" என்பார். டெண்டர் குழாய்க்கே கிடைத்தது.

வேலை தொடங்கிய சில நாளில் குழாயின் மகளுக்கு வலி எடுத்தது. செவிலியர்தான் பிரசவம் பார்த்தாள். பெண் குழந்தை. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தம்பி கதவருகே நின்றிருந்தான். எதிர் பெஞ்சில், மருமகளைச் சேர்த்துவிட்டு எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இந்த டெண்டர் மேல் புகார் கொடுத்திருப்பவரே அவர்தான். அவரைப் பார்த்துவிட்ட தம்பி, அக்காவைப் பார்க்காமல் கூரையில் ஓடும் ஃபேனைப் பார்த்தான்.

"குழந்தைக்கு யார் வந்திருக்கீங்க?"

"நான் தாத்தாங்க."

அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பயல், அவளிடம் 'ங்க' போட்டான்.

"உள்ள உங்க பொண்ணு அத்தை, அத்தைன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதா. அத்தைன்னு யாராவது இருக்காங்களா?"

அவன் பெஞ்சை ஓரக்கண்ணால் பார்த்தான். "இல்லீங்க சிஸ்டர். அப்படி யாரும் இல்லீங்க."

அவளுக்கு அழுகை வரவில்லை. செருப்புக் காலால் அசிங்கத்தை மிதித்துவிட்டதுபோல் இருந்தது. குழந்தையை அவன் கையில் கொடுக்காமல் அவன் மனைவியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த வாரம் நகராட்சிக் கூட்ட அறையில் விசாரணை. மாநில அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். காரில் வரும்போதே தலைவர் தன் மனைவிக்குப் பாடம் எடுத்திருந்தார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. லேசா அழுதா இன்னும் நல்லா இருக்கும்."

"தம்பியோட பேச்சுவார்த்தை நின்னு எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டார் அதிகாரி.

"நிக்கவே இல்லைங்க. பத்திரம் பொய். வக்கீல் சொன்னாரு, இவர் கேட்டாரு, நான் போட்டேன்."

தலைவர் பதறி எழுந்தார். "அவளுக்கு உடம்பு சரியில்லீங்க மேடம். வேலைப்பளு."

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. இவர் தினமும் பாத்ரூம் குழாயத் திறந்து விட்டுட்டுத்தான் என் தம்பிகிட்ட பேசுவாரு. இந்த ஊர்ல ஒழுங்கா தண்ணி வர்ற ஒரே குழாய் அதுதான்."

பின்வரிசையில் ஒரு எழுத்தருக்கு வாயைப் பொத்தியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது.

"பொய்ப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டா உங்க மேலயும் நடவடிக்கை வரும்மா, தெரியுமா?" என்றார் அதிகாரி.

"வரட்டும். என் கையெழுத்துதானே."

வீட்டுக்குள் நுழைந்ததும் தலைவர் கத்தினார். "குடும்ப மானத்தச் சந்தி சிரிக்க வச்சுட்டியேடி!"

"மானம் இருந்துச்சா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே" என்று சொல்லிவிட்டு அவள் துணிகளை எடுத்துவைக்கத் தொடங்கினாள்.

டெண்டர் ரத்தானது. குழாயைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். தலைவர் பதவி போயிற்று; உடல்நலம் கருதித் தானே விலகியதாக அவர் இன்றும் சொல்லிக்கொள்கிறார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த உறுப்பினரே புதிய தலைவரானார். வந்த சூட்டோடு அவருடைய சம்பந்தி ஒரு குழாய்க் கம்பெனி திறந்தார். வக்கீல் மட்டும் நாற்காலி மாறவில்லை. புதிய தலைவர் வீட்டிலும் டீயும் பிஸ்கட்டும் நன்றாகவே இருக்கும் போலிருக்கிறது. செவிலியருக்கு ஊதிய உயர்வை நிறுத்திவைத்தார்கள். அவள் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யவில்லை. மருத்துவமனைக் குடியிருப்பில் ஓர் அறை வாங்கிக்கொண்டு குடிபோனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி மகள் குழந்தையோடு அந்த அறைக்கு வந்தாள்.

"அப்பா வெளிய கார்ல இருக்காரு அத்தை. உள்ள வரட்டுமான்னு கேக்கச் சொன்னாரு."

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவள் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். கழுத்துக்கு அடியில் கைகொடுத்து மெல்லத் தூக்கிப் பார்த்தாள்.

"தலை நல்லா நிக்குதே" என்றாள் மகிழ்ச்சியோடு. "உக்காரு. நீ இன்னும் சாப்பிட்டிருக்க மாட்ட."

இரண்டே தட்டுகளை எடுத்து வைத்தாள்.