மூத்தவள் ஒழித்த புழுக்கள்

ரோஜாச் செடி வளர்த்து விற்கிற அந்தக் கொட்டகைக்கு மூத்த மருமகள்தான் ராணி. இதில் யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று அவளே அடிக்கடி எடுத்துச் சொல்லிவிடுவாள். கணக்கும் வாடிக்கையாளர்களும் கொழுந்தன் பொறுப்பு. அவளுடைய கணவர் வண்டி ஓட்டுவார்; மற்றபடி அவர் வாயைத் திறப்பது கொட்டாவி விடுவதற்குத்தான். கொழுந்தன் மனைவி, அதாவது இளையவள், பூச்சியியல் படித்துவிட்டு வந்திருந்தாள். அந்தப் படிப்புக்கு ஏற்ற வேலையை மூத்தவள் பார்த்துப் பார்த்துக் கொடுத்திருந்தாள்: காலித் தொட்டி கழுவுவது.

அந்த வருடம் ஒரு பெரிய ஓட்டலின் திறப்பு விழாவுக்கு ரோஜாத் தொட்டிகள் கேட்டிருந்தார்கள். ஒரே நிபந்தனை, மருந்து அடிக்கக் கூடாது. அதே வாரம் பார்த்து மொட்டுகளில் அசுவினிப் பூச்சி ஏறியது. பச்சைப் பொடியாக, காம்பில் இடம் விடாமல் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சியது. கொழுந்தன் வந்து பார்த்துவிட்டு, "அண்ணி, இந்த ஆர்டர் கை நழுவிப் போச்சுன்னா, செடியை யாரு பாக்கறதுன்னு நாம மறுபடி பேச வேண்டியிருக்கும்" என்றான். அவன் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. அதனால்தான் மூத்தவள் அதை மிரட்டலாகவே எடுத்துக்கொண்டாள். அந்தக் கொட்டகையை விட்டால் அவளுக்கென்று அந்த வீட்டில் இருப்பது ஒரு கட்டிலும், அதன் பாதியில் ஒரு குறட்டையும்தான்.

அசுவினியைத் தின்னும் என்று கேள்விப்பட்டு, டப்பா டப்பாவாகப் பொறிவண்டு வாங்கினாள். சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி, பார்க்கவே லட்சணம். அவற்றைச் செடிமேல் விட்டபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பெற்ற பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவள் மாதிரி நின்றாள். பிள்ளைகள் கொஞ்ச நாள் ஒழுங்காகத் தின்றன. பிறகு ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய்விட்டன. பிள்ளைகள் அப்படித்தானே.

போன கையோடு இலைக்கு அடியில் புதிதாக ஒரு கூட்டம் முளைத்தது. கறுப்பு உடம்பு, முதுகெல்லாம் முள், பக்கவாட்டில் ஆரஞ்சுத் திட்டு, ஆறு கால். குட்டி முதலையைப் பிடித்து நசுக்கி வைத்தது போல ஒரு கண்ராவி. மூத்தவளின் சட்டப்படி, தெரியாத பூச்சி என்றால் குற்றவாளி. விசாரணை எல்லாம் கிடையாது.

"அக்கா, அந்தப் புழு வந்து..." என்று இளையவள் ஈரக் கையோடு ஆரம்பித்தாள்.

"உன்னைக் கேட்டேனா? போய்த் தொட்டியைக் கழுவு."

இளையவள் போய்க் கழுவினாள்.

மூத்தவள் இடுக்கியும் சோப்புத் தண்ணீர் வாளியுமாக இறங்கினாள். சும்மா சொல்லக் கூடாது, உழைப்பு என்றால் அப்படி ஒரு உழைப்பு. இலை இலையாகத் திருப்பி, முதுகு வலிக்க வலிக்க, ஒரு புழு விடாமல் பொறுக்கி மூழ்கடித்தாள். இலையடியில் மஞ்சள் முட்டைக் கொத்து தென்பட்டால் கட்டை விரலால் ஒரு தேய்ப்பு. "என் செடியிலயா குடும்பம் நடத்துறீங்க" என்று திட்டிக்கொண்டே தேய்த்தாள்.

ஒன்றை மட்டும் கொல்லவில்லை. வண்டு விற்றவன் டப்பாவோடு இந்தச் சனியனையும் சேர்த்து அனுப்பிவிட்டான் என்பது அவள் முடிவு. அவன் மூஞ்சிக்கு நேராக நீட்ட அத்தாட்சி வேண்டாமா? அசுவினி மொய்த்த ஒரு காம்போடு அந்தப் புழுவைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மேலே துணி கட்டினாள். மறுநாள் காம்பு துடைத்தாற்போல் இருந்தது. அசுவினி பயந்து செத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு காம்பு போட்டாள். கொஞ்ச நாளில் புழு பாட்டில் சுவரில் வாலை ஒட்டிக்கொண்டு, கூனிச் சுருண்டு அசையாமல் கிடந்தது. செத்துத் தொலைந்தது, செத்தாலும் அத்தாட்சி அத்தாட்சிதான் என்று விட்டுவிட்டாள்.

கொட்டகையில் இப்போது புழு கிடையாது. அசுவினி மட்டும்தான். கேட்பாரில்லாமல் பெருகி, மொட்டுகளைப் பிசுபிசுவென்று கருக வைத்தது. ஓட்டல்காரர் வந்தார், ஒரு மொட்டைத் தொட்டுப் பார்த்தார், கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வண்டு விற்றவனிடம் சண்டை போடப் பாட்டிலைத் தூக்கினாள். உள்ளே காலியான கூடு. அதன் பக்கத்தில் வெளிர் மஞ்சளாக ஒரு வண்டு, ஈரம் காயாமல் உட்கார்ந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த முதுகில் மெல்ல மெல்லக் கறுப்புப் புள்ளிகள் தெரிய ஆரம்பித்தன. வாளி வாளியாக எதைக் கொன்றோம் என்று புரிந்தபோது அழுகைதான் வந்தது.

"நல்லா வளத்திருக்கீங்கக்கா" என்றாள் பின்னால் வந்து நின்ற இளையவள்.

"இது... அந்தப் புழுவா?"

"ஆமா. வண்டுங்க போறதுக்கு முன்னாடி போட்ட முட்டையில வந்தது. வண்டைவிட அந்தப் புழுதான் அசுவினியை நிறைய தின்னும்."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏண்டி சொல்லல?"

"சொல்ல வந்தேனே ஒரு தடவை."

"இன்னொரு தடவை வந்திருக்கலாம்ல?"

இளையவள் கையைப் புடவையில் நிதானமாகத் துடைத்துக்கொண்டாள். "வந்திருக்கலாம்" என்றாள்.

அதற்குள் கொழுந்தன் உள்ளே வந்துவிட்டான். முகம் செத்துப் போயிருந்தது. "ஆர்டர் போச்சு அண்ணி. அவ்வளவு வண்டு வாங்கினோமே, எல்லாம் என்ன ஆச்சு?"

இளையவள்தான் பதில் சொன்னாள். "பறந்து போயிடுச்சுங்க. அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. ராப்பகலா எவ்வளவு பாடுபட்டாங்கன்னு நான் பக்கத்துலயே இருந்து பாத்தேன்." குரலில் அப்படி ஒரு பரிவு. "ரொம்பக் களைச்சுட்டாங்க, பாவம். இனிமே செடியை நான் பாத்துக்கறேனே."

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். எப்போதும்போல ஒரு சண்டை கிளம்பும் என்று காத்திருந்தான். இளையவளும் பார்த்தாள், கொஞ்சம் சிரித்த முகமாக.

மூத்தவள் பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "ஆமா தம்பி, அவளே பாத்துக்கட்டும்" என்றாள்.