பனிப்பாளத்துக்கு ஒரு முட்டுக்கட்டை

காந்திமதியின் கணவர் சங்கரலிங்கம் செவ்வாய்க்கிழமை முதல் கணினிக்குள் இருந்தார். அங்கிருந்த பனிப்பாளத்தின் குளிரைத் தொட்டுப் பார்த்து வர அலுவலகம் அனுப்பியிருந்தது. பயணப்படி உண்டு.

இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, உலகமே உறைந்த பெரும் பனிக்காலத்தில், தென்துருவக் கடல்மேல் மிதந்த பாளம் அது. கணினியில் அதைக் கட்டியவள் காந்திமதிதான். கரை, காற்று, கடலின் சூடு என்று ஒவ்வொன்றாகப் போட்டு வளர்த்தாள். வளர்ந்த பிள்ளை சொன்ன பேச்சு கேட்குமா? அந்தக் கணினி மாடலை ஓட்டும்போதெல்லாம் பாளம் வழுக்கிக்கொண்டு நடுக்கடலுக்குப் போய் உடைந்தது. இன்று உடைந்தால் சங்கரலிங்கமும் அதோடு போவார். இருபதாயிரம் ஆண்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பஸ் கிடையாது.

அதிகாரி அம்மாள் மாடலை ஓட்டும் பொத்தானை அழுத்தினார்.

பாளம் திரையிலிருந்து இறங்கி வராந்தாவுக்கு வந்தது. வராந்தா மரியாதையாக நீண்டு வழிவிட்டது. கணக்குப் பிரிவினர் ஓடிவந்து வடம் பிடித்தார்கள். யாரோ மேளம்கூடக் கொண்டுவந்திருந்தார்கள். இழுக்காதீர்கள் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. காந்திமதிக்குச் சந்தோஷமும் தாங்கவில்லை, பயமும் தாங்கவில்லை.

"ஏளா, நகருது!" என்று உச்சியிலிருந்து கத்தினார் சங்கரலிங்கம். "சோக்காத்தான் போவுது. ஆனா நிக்க மாட்டேங்கு!"

"ஏங்க, குதிச்சிருங்க!"

"குதிச்சா குளிர யாரு பாக்கது?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திருநெல்வேலித் தேரோட்டம் பார்த்து வளர்ந்தவள், முட்டுக்கட்டையை மறந்திருக்கிறாள்! சக்கரத்தடியில் கட்டை கொடுக்காமல் எந்தத் தேர் நின்றது? பாளத்துக்கும் கடலடியில் ஒரு மேடு வேண்டும். அடிவயிறு அதில் முட்டினால்தான் நிற்கும். அவளோ கடலடியைச் சிமெண்டுத் தரைபோல வழவழவென்று போட்டு வைத்திருந்தாள்.

"மேடம், ஒரு மேடு வேணும்."

"ஸ்டாக் இல்லம்மா. பள்ளம் இருக்கு, தரவா?"

காந்திமதி செருப்பைக் கழற்றினாள். வராந்தா முடிந்த இடத்தில் கடல் இருந்தது. இறங்கி, அடிவரை போய், குப்புறப் படுத்தாள்.

பாளம் வந்தது. அவள் முதுகில் ஏறியது. ஒருமுறை முனகியது. நின்றது.

மேளக்காரர் வெளுத்து வாங்கினார். அதிகாரி வரைபடத்தில் 'காந்திமதி மேடு' என்று எழுதிவிட்டுக் கைதட்டினார். காந்திமதிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவள் கட்டியது முதன்முறையாக நிற்கிறது. கணவரும் பத்திரமாக இருக்கிறார்.

நானூறு மீட்டர் பனிக்கு மேலே சங்கரலிங்கம் துள்ளுவது முதுகில் தெரிந்தது.

"நின்னுட்டுளா! நான் இறங்கட்டா?"

"இறங்குங்க," என்றாள் காந்திமதி. "வீட்டுக்குப் போய் சோத்த மட்டும் வச்சிருங்க. இந்தப் பனிக்காலம் முடிஞ்சதும் வந்திருதேன்."