ஆயிரத்துப் பதினேழின் சொந்தக்காரர்

1

இந்தக் கதை ஒரே ஒரு சொல்லிலிருந்து பிறந்தது. "திறக்காதும்மா" என்று ஒரு பெண்மணியிடம் சொன்னேன். திறக்கும். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க வழியில்லாததால்தான் இத்தனை சொற்களைச் செலவழிக்கிறேன்.

அட்டைப்பெட்டி செய்யும் நிறுவனம் ஒன்றில் பத்தொன்பது வருடங்களாகக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே எனக்குக் கப்சா சார் என்று பெயர். சர்வர் இருக்கும் இடத்தில் ஏசி நின்றபோது மூன்று நாள் இரவும் பகலும் விசிறியால் விசிறியே காப்பாற்றினேன் என்று சொல்லியிருக்கிறேன். அதில் இரண்டு நாள் பொய். எந்த இரண்டு என்று யாரும் கேட்டதில்லை.

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

"மழை பெய்துகொண்டிருந்தது." (பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.)

"மடிப்பு மாஸ்டர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேமுக்காலுக்கு, ஒரு செருப்புப் பெட்டியின் மூடியை வரைந்துகொண்டிருந்தபோது, நாற்காலியிலேயே"

(இந்த வாக்கியத்தை ஆறு தடவை முடிக்கப் பார்த்தேன். அப்படியே இருக்கட்டும். இறந்துவிட்டார், மாரடைப்பு. எங்கள் வடிவமைப்பாளர். பசையோ பின்னோ இல்லாமல், மடிப்பிலேயே நிற்கிற பெட்டிகளை வரைந்ததால் அந்தப் பெயர். வயது நாற்பத்தெட்டு.)

2

கதைக்குள் போகும் முன் ஒரு சின்னக் கட்டுரை. அவசரக்காரர்கள் தாண்டலாம், ஆனால் தாண்டினால் நான் செய்த தப்பு உங்களுக்குப் புரியாது, என்னை நல்லவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

எங்கள் நிறுவனத்தில் மூன்று குலத்துக் கணினிகள். கீழே அலுவலகத்திலும் அனுப்புதல் பிரிவிலும் விண்டோஸ். மாடியில் வடிவமைப்பு அறையில் மேக். அட்டை வெட்டும் இயந்திரத்தில் லினக்ஸ். ஒன்றின் பேச்சு இன்னொன்றுக்குப் புரியாது. ஒரே பந்தியில் உட்காராத சம்பந்திகள். இவர்களுக்கு நடுவே, கைகழுவும் இடத்துக்குப் பக்கத்து அலமாரியில், ஒரு சர்வர். அதில் ஓடுவது கட்டற்ற மென்பொருள். எங்கெங்கோ இருக்கும் முகம் தெரியாத ஆட்கள் எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டது.

அதன் வேலை ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் நடத்துவது. விண்டோஸ் வந்து கேட்டால் "நானும் உங்க ஆள்தான்" என்கிறது. மேக் வந்தால் அதனிடமும் அப்படியே. இரண்டும் நம்பி, தங்கள் கோப்புகளை ஒரே அலமாரியில் கொண்டுவந்து வைக்கின்றன.*

* ஆனால் பாருங்கள், அந்த மென்பொருளின் உள்வரிகளை யாரும் பிரித்துப் படிக்கலாம். பொய்யை இப்படி இப்படிச் சொல்லப்போகிறேன் என்று வரிக்கு வரி எழுதிவைத்துவிட்டுச் சொல்கிறது. எங்கள் தொழிலில் இவ்வளவு யோக்கியமான பொய்யரை நான் வேறெங்கும் கண்டதில்லை. கப்சா சாருக்கு அந்த வழக்கம் கிடையாது.

இன்னும் ஒன்று. அந்த சர்வருக்கு ஆட்களின் பெயர் முக்கியமில்லை. ஆளுக்கு ஓர் எண். எந்தக் கோப்பு யாருடையது என்பதை அந்த எண்ணை வைத்தே அது குறித்துக்கொள்ளும். மடிப்பு மாஸ்டர் 1017. அனுப்புதல் பிரிவில் இருக்கும் அவர் மனைவி 1009. எண்களை நானே ஒரு நோட்டில் எழுதிக் கொடுப்பேன். யாராவது வேலையை விட்டுப் போனால், காலியான எண்ணை அடுத்து வருபவருக்குக் கொடுத்துவிடுவேன். நோட்டில் வரிசை விட்டுப்போனால் எனக்குப் பல்லில் ஏதோ சிக்கிய மாதிரி இருக்கும். இப்படிச் செய்யக்கூடாது என்று இந்தத் தொழிலில் சேர்ந்த முதல் வாரமே சொல்லித்தருவார்கள். எனக்குச் சொல்லித்தந்தவர் அன்று லீவு. (இதுவும் கப்சா. வந்திருந்தார். நான் கேட்கவில்லை.)

3

மாஸ்டரின் மனைவி மறுபடி வேலைக்கு வந்த முதல் நாளே மாடியேறி என் மேசைக்கு வந்தார். உட்காரவில்லை.

"சார், அவர் 'தனி'ன்னு ஒரு ஃபோல்டர் வெச்சிருந்தார். ஒரு தடவை பாத்திருக்கேன். அதைத் திறந்து குடுங்க."

"எதுக்கும்மா?"

பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த ஒரு காகிதத் துண்டை மேசையில் வைத்தார். இதய மருத்துவமனையின் டோக்கன். சட்டைப் பையில் இருந்ததைப் பார்க்காமல் துவைத்துவிட்டாராம். மருத்துவமனையின் பெயர் மங்கலாகத் தெரிந்தது. தேதி இருந்த இடம் வெறும் நீலக் கறை.

"நாலு மாசமா வாய்வு, வாய்வுன்னே சொன்னார். நானும் இஞ்சி தட்டிப் போட்டுக் குடுத்துக்கிட்டே இருந்தேன். இந்த டோக்கன் எப்ப வாங்கினதுன்னு தெரியணும் சார். ஆஸ்பத்திரிக்குப் போனேன், அவங்ககிட்டப் பேர் சிக்கலை. முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு எங்கிட்ட மறைச்சாரா, இல்ல கடைசி வரைக்கும் வாய்வுன்னே நெனச்சாரா? எந்தக் காகிதமா இருந்தாலும் ஸ்கேன் பண்ணி உள்ள போட்டு வைக்கிற மனுஷன். இருந்தா அதுக்குள்ளதான் இருக்கும்."

அப்போதுதான் சொன்னேன்.

"அது திறக்காதும்மா. 'தனி'ன்னு பூட்டினா அவர் ஒருத்தருக்குத்தான் திறக்கும். மெஷின் அப்படி."

"உங்களுக்குக்கூடவா?"

"எனக்குக்கூட."

அவர் டோக்கனை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். படிக்கட்டில் அவர் நின்று, பிறகு மறுபடி இறங்கியது கேட்டது.

[வாசகருக்கு: சர்வரைப் பார்த்துக்கொள்பவனுக்குத் திறக்காத பூட்டு அந்த சர்வரில் கிடையாது. அந்தக் கட்டடத்தில் இருந்த எல்லோருடைய எல்லாக் கோப்புகளும் எனக்குத் திறக்கும். பத்தொன்பது வருடமாக ஒருவருடையதையும் திறந்து பார்த்ததில்லை என்பது என் பெருமை. சாட்சி என் வார்த்தை. என் வார்த்தையின் லட்சணம் மேலே இருக்கிறது.]

இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை வராத பாத்திரம் ஒன்றுதான். அது நான். முதல் வரைவில் இந்த ஆளை, அவர் இறங்கிப் போனதும் ஃபோல்டரைத் திறந்து படிக்க வைத்தேன். இரண்டாம் வரைவில் படிக்காமல் கண்கலங்க வைத்தேன். இரண்டையும் கிழித்தேன். உண்மையில் அவன் ஒரு பிரிண்டரின் உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே துடைத்த உருளை.

4

மாஸ்டரின் இடத்துக்கு ஒரு பெண்மணி வந்தார். வயது நாற்பத்திரண்டு, பிள்ளைகள் வளர்ந்தபின் மறுபடி வேலைக்கு வந்தவர். முதல் நாளே பெயர் வைத்துவிட்டார்கள்: புதுசு. நான் நோட்டைத் திறந்தேன். மாஸ்டரின் பெயரைச் சிவப்பு மையால் அடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. 1016 இருக்கிறது, 1018 இருக்கிறது, நடுவே ஓட்டை. கை தானாகவே புதுசின் பெயரை அங்கே எழுதியது.

இயந்திரத்துக்குச் சாவு தெரியாது. 1017 தெரியும்.

பதினொரு மணிக்குப் புதுசு என் மேசைக்கு வந்தார்.

"சார், நான் இன்னைக்குக் காலையிலதான சேர்ந்தேன்?"

"ஆமா."

"ஆனா பதினோரு வருஷமா இங்க வேலை செஞ்சிருக்கேன். நாலாயிரத்துச் சொச்சம் டிசைன். எல்லாம் என் பேர்ல இருக்கு. செருப்புப் பெட்டி ஒண்ணு மூடி பாதியோட நிக்குது, அதுவும் நான்தான் வரைஞ்சிருக்கேன்."

சிரிக்கிற மாதிரி ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"'தனி'ன்னு ஒரு ஃபோல்டர். என்னோடதுன்னு காட்டுச்சு. வேலைக் குறிப்பா இருக்கும்னு நெனச்சுத் திறந்துட்டேன். முதல் பக்கம் படிச்சேன். அது வேலைக் குறிப்பு இல்ல சார்."

மேசையில் திறந்து கிடந்த நோட்டை மூடினேன்.

"அவரோட வீட்டம்மா கீழ வேலை செய்றாங்களாமே. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"நாளைக்குச் சொல்லலாம்."

"இந்த நாளைக்கு, வர்ற நாளைக்கா, வராத நாளைக்கா?" என்று கேட்டார். வேலையில் சேர்ந்து இரண்டு மணி நேரத்தில் என்னை இவ்வளவு தெரிந்துகொண்டவர் வேறு யாருமில்லை. பதிலுக்குக் காத்திருக்காமல் இறங்கிப் போனார்.

5

(இந்த எண்ணைக் காலியாக விட்டிருக்கிறேன். விட்டால் ஒன்றும் ஆகிவிடுவதில்லை.)

6

இருவரும் சேர்ந்து வந்தார்கள். மாஸ்டரின் மனைவி இந்தத் தடவை உட்கார்ந்தார். கையில் ஒட்டுப்பட்டையின் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததை எடுக்கவில்லை.

"எனக்குத் திறக்காத கதவு, காலையில வந்தவங்களுக்கு எப்படி சார் திறந்துச்சு?"

என்னிடம் மூன்று பதில்கள் தயாராக இருந்தன. ஒன்றில் காந்தப்புயல் வருகிறது. அவர் என் முகத்தைப் பார்த்தே மூன்றையும் படித்துவிட்டார்.

"கப்சா வேணாம் சார். இன்னைக்கு ஒருநாள்."

"அவர் நம்பரைத் தூக்கி இவங்களுக்குக் குடுத்துட்டேம்மா. அதனால மெஷின் இவங்களை அவர்னு நெனச்சுக்கிச்சு."

"அது இவங்க கதை. நான் கேட்டது என் கதை. அன்னைக்கே உங்களால திறந்திருக்க முடியுமா?"

"முடியும்."

"ஏன் சார் அப்ப?"

இந்த இடத்தில் கதாசிரியன் பாத்திரத்துக்கு நல்ல பதிலாக ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். முயன்றேன்.

ஏனென்றால் இறந்தவரின் அந்தரங்கம் என்பது

ஏனென்றால் பத்தொன்பது வருடமாக நான் காத்துவந்த

ஏனென்றால்

நான் உண்மையில் சொன்னது இது: "நீங்க அதைப் படிக்கிறப்ப நான் பக்கத்துல உக்காந்திருக்கணுமே. அதுக்குப் பயந்துட்டேம்மா."

அவர் கையிலிருந்த ஒட்டுப்பட்டைத் துண்டைப் பிய்த்து என் மேசை விளிம்பில் ஒட்டினார்.

"எங்க மாமியார் ஆயிரம் பண்ணியிருக்காங்க. அவங்ககூட இவ்வளவு மரியாதையா என் மூஞ்சில கதவைச் சாத்தினதில்ல" என்றார்.

வாங்கிக்கொண்டேன்.

புதுசு மெதுவாகச் சொன்னார்: "அக்கா, முதல் பக்கத்துல தேதி இருக்கு. தெரியாமத்தான் படிச்சேன், மன்னிச்சிடுங்க. சொல்லவா?"

மாஸ்டரின் மனைவி கையை உயர்த்தினார். போக்குவரத்தை நிறுத்துகிற மாதிரி.

"இருங்க. அவசரப்பட்டுச் சொல்லிடாதீங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சுன்னா, நாலு மாசம் என் மூஞ்சியைப் பாத்து நடிச்சிருக்கார். தெரியாதுன்னா, பக்கத்துலயே படுத்திருந்த நான் இஞ்சித் தண்ணியைக் குடுத்தே அனுப்பிவெச்சிருக்கேன். ரெண்டுல ஒண்ணு உங்க வாயில இருக்கு. எது வந்தா தாங்குவேன்னு எனக்கே இன்னும் தெரியல. ஒரு மாசமா இது வேணும், வேணும்னு துடிச்சேன். இப்ப கைக்கெட்டுற தூரத்துல வந்ததும் கையை நீட்ட மனசு வரல."

"வேற யாராவது திறந்துடாம பாத்துக்கோங்க" என்று எழுந்தவர், மறுபடி உட்கார்ந்தார். "இல்ல. என் பேர்ல மாத்திக் குடுங்க. திறக்கிறதோ திறக்காததோ, அது எங்க வீட்டுச் சமாச்சாரமா இருக்கட்டும்."

ஒரு கோப்பின் உரிமையாளரை மாற்றுவதற்கு ஒரு கட்டளை உண்டு. ஒரே வரி. 'தனி'யை 1017-இலிருந்து 1009-க்கு மாற்றினேன். பிறகு புதுசுக்கு யாரும் உட்கார்ந்திராத ஓர் எண்ணைக் கொடுத்தேன். சொத்துப் பத்திரம் மாற்ற ஆகும் நேரத்தில் நூறில் ஒரு பங்குகூட ஆகவில்லை. மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். திரையில் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கட்டளை சரியாக முடிந்தால் ஒன்றும் சொல்லாது.

"இப்ப யாருக்குத் திறக்கும்?"

"உங்களுக்கு."

"அப்புறம்?"

"எனக்கும்."

"பரவால்ல, தேறிட்டீங்க" என்றார்.

போகும்போது வாசலில் நின்றார். "நான் திறந்தேனா இல்லையான்னு உங்களுக்குத் தெரிஞ்சிடுமா?"

"கடைசியாத் திறந்த தேதி பதிவாகும்மா. ஒரு வரி தட்டினா காட்டும்."

"தட்டாதீங்க."

"தட்டமாட்டேன்."

நம்பினாரா என்று அவர் முகத்தில் தேடினேன். அவர் அதற்குள் திரும்பிவிட்டார்.

7

முடிவுகள்.

முடிவு ஒன்று: அவர் திறக்கிறார். தேதி, இறப்பதற்கு நான்கு மாதம் முந்தையது. அடியில் மாஸ்டரின் குறிப்பு: "இவளிடம் சொன்னால்" (இதற்கு மேல் எழுதவில்லை. இறந்தவருக்கு வசனம் எழுத எனக்கு உரிமை கிடையாது. அவருடைய எண்ணையே ஒருமுறை தூக்கிக் கொடுத்தவன் நான்.)

முடிவு இரண்டு: திறக்கிறார். தேதி, அந்தச் செவ்வாய்க்கு முந்தைய நாள். மாஸ்டருக்கே அன்றுதான் தெரிந்திருக்கிறது. மனைவி அழுகிறார், பிறகு வீட்டில் இருக்கும் இஞ்சியையெல்லாம் (இதையும் அடித்துவிட்டேன். அவர் இதைப் படித்தால் என் கதி என்ன?)

முடிவு மூன்று: திறக்கவேயில்லை. வருடங்கள் போகின்றன. இது அழகாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

புதுசிடம் கேட்டால் எது சரி என்று தெரிந்துவிடும். கேட்டுப் பார்த்தேன். "நீங்க கதைதான எழுதுறீங்க? அப்ப உங்களுக்கு எதுக்கு சார் உண்மை?" என்று சொல்லிவிட்டு அந்தச் செருப்புப் பெட்டியின் மூடியை வரையப் போய்விட்டார்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. மாஸ்டரின் மனைவி தினமும் வருகிறார். சில நாள் அவர் முகம் திறந்தவர் முகம் போல் இருக்கிறது. சில நாள் இல்லை. போன வாரம் படிக்கட்டில் எதிரே வந்தவர், "கதை எழுதுறீங்களாமே. அதுல நான் எப்படி, நல்லவளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப கப்சாதான்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

இதை மதிய இடைவேளையில் எழுதுகிறேன். மாடியில் யாருமில்லை. கீழே யாரோ ஒட்டுப்பட்டையைச் சரக்கென்று இழுத்துக் கிழிக்கிறார்கள். இந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் திரை. அந்த ஒரு வரியை, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், தட்டிவிட்டேன். எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன. கடைசி விசையை மட்டும் அழுத்தவில்லை. அழுத்தினால் ஒரு தேதி வரும்: புதுசு திறந்த, நான் உரிமை மாற்றிக் கொடுத்த அதே நாளாக இருந்தால் மாஸ்டரின் மனைவி திறக்கவில்லை, பிந்தையதாக இருந்தால் திறந்துவிட்டார். இந்தக் கதையின் முடிவு அவ்வளவுதான்.

நாற்காலியை உங்கள் பக்கம் தள்ளியிருக்கிறேன். வேண்டுமென்றால் அழுத்திக்கொள்ளுங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் அழுத்தினால், கீழே போய், அவர் எதிரில் உட்கார்ந்து, "நான் பார்த்துவிட்டேன்" என்று நீங்களே சொல்ல வேண்டும். பக்கத்தில் நான் இருப்பேன். இந்தத் தடவை இருப்பேன்.