பெரியம்மா மகள்

குளிப்பாட்டிப் புதுப்புடவை சுற்றிய அம்மாவின் நெற்றியில் ஷாலு சந்தனம் வைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் உள்ளே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, "என்னப் பெத்த அம்மா" என்று அழுதாள்.

ஷாலுவின் விரல் நின்றது. விடிந்ததிலிருந்து அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. இவளுக்கு மட்டும் உடைந்த குழாய் மாதிரிக் கொட்டுகிறது. பெத்தது என்னைடி என்று வாய்வரை வந்தது.

ஆளைத் தெரியும். பேர்தான் தெரியாது. எச்.ஐ.வி. வந்தவர்களின் வீட்டுக்குப் போய்க் கஞ்சி ஊட்டி, புண் துடைத்து, மருந்து கொடுத்துவிட்டு வருவது அம்மா சொக்கம்மாவின் வேலை. அதனால் சொந்தம் எப்போதோ விலகிவிட்டது. எம்.கே.பி. நகர் முழுக்க அது தெரியும் என்பதாலேயே, அந்த நோயாளிகள் ரோட்டில் எதிர்ப்பட்டால் அம்மா தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். அவள் நின்று ஒரு வார்த்தை பேசினால் போதும், என்ன நோய் என்று தெருவே சொல்லிவிடும்.

ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் இந்தப் பெண் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அம்மா கடைசிவரை திரும்பவில்லை. கழுத்து விறைக்க, அத்தனை கவனமாகத் திரும்பாமல் நின்றதிலேயே இவளும் அம்மா பார்க்கும் நோயாளிதான் என்று ஷாலுவுக்குத் தெரிந்துபோனது. தன்னைப் பார்த்த எந்தப் பார்வையிலும் அம்மாவுக்கு அவ்வளவு கவனம் இருந்ததில்லை என்று ஷாலுவுக்குப் பட்டது. அந்த எரிச்சல் அவள் சமூகப்பணி படித்துப் பட்டம் வாங்கிய பிறகும் அணையவில்லை. பட்டமளிப்புக்கு அம்மா வரவும் இல்லை. யாரோ இழுத்துக்கொண்டு கிடந்தார்களாம். யாரென்று கேட்டதற்குப் பதிலும் இல்லை.

கீழ்வீட்டுப் பூவம்மா நகர்ந்து வந்தாள்.

"இன்னாம்மா, உன்ன காசிமேட்டு ஐஸ் கம்பெனில பாத்துகீறேன். என் தங்கச்சி அங்கதான் வேல செய்யுது. சொக்கம்மாவ உனுக்கு எப்டித் தெரியும்?"

அறையில் அழுகை அடங்கியது. அந்தப் பெண்ணின் கை காலிலிருந்து விலகி முந்தானையைத் தேடியது.

ஷாலு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும், இவள் எழுந்து போய்விடுவாள். நாளைக்கு ஐஸ் கம்பெனிக்கும் சேதி போய்விடும். கொஞ்ச நேரம் சும்மாதான் இருந்தாள். அது இனித்தது.

பிறகு, "எங்க பெரிம்மா பொண்ணு" என்றாள். "எனக்கு அக்கா."

"அப்போ சித்தின்னு இல்ல அழுவணும்? அம்மான்றா?"

"எங்கம்மாதான் வளத்துச்சு."



"பேரு இன்னா?"

ஷாலு வாயைத் திறந்து மூடினாள். தரையைப் பார்த்தபடி அந்தப் பெண்ணே, "சிவந்தி" என்றாள்.

பூவம்மா உச்சுக்கொட்டினாள். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போக வண்டி வந்துவிட்டது, வாய்க்கரிசி போடுங்கள் என்று அவள் புருஷன் கோதண்டம் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். ஷாலு அரிசித் தட்டை எடுத்தாள்.

"நீ இரும்மா" என்றாள் பூவம்மா. "வளத்த பொண்ணு, பெரியவ கீறா இல்ல. அக்கா மொதல்ல போடட்டும். அப்பால நீ."

சிவந்தி ஷாலுவைப் பார்த்தாள். வேண்டாம் என்பதுபோல் அவள் தலை லேசாக ஆடியது.

ஷாலு தட்டை நீட்டினாள்.

சிவந்தி குனிந்து, பழகிய கையால் அம்மாவின் உதட்டைப் பெருவிரலால் பிரித்தாள். ஷாலு அவளுக்குப் பின்னால், வரிசையில் இரண்டாவதாக நின்றாள். அங்கிருந்து சிவந்தியின் முதுகுதான் தெரிந்தது.